பில்லில் எழுதித் தருவீர்களா?

ஆடித் தள்ளுபடி போர்டு ஏறிவிட்டால் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கால் வைக்க இடமிருக்காது. எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று வடக்கே இருக்கும் சனங்களுக்குக் கல்யாணமோ காதுகுத்தோ தீபாவளியோ, துணி என்றால் இந்தத் தெருதான். காசிமேட்டில் மீன் விற்ற காசு, திருவொற்றியூர் கம்பெனியில் கையெழுத்துப் போட்டு வாங்கிய போனஸ், மகளிர் குழுவில் எடுத்த லோன் எல்லாம் இங்கே வந்துதான் சேலையாகவும் வேட்டியாகவும் மாறுகின்றன.

முகூர்த்தப் புடவை எடுக்க வரும் குடும்பத்தைக் கொஞ்சம் கவனித்தால் ஒரு விஷயம் பிடிபடும். பெண்ணின் அம்மா முந்தியைத் தடவிப் பார்ப்பார். அத்தை விலைச்சீட்டைத் திருப்பிப் பார்ப்பார். யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: “ப்யூர்தானே தம்பி?” பதில் தயாராக இருக்கும்: “ப்யூர் காஞ்சிபுரம்தாம்மா. கண்ணை மூடிட்டு எடுங்க.” பேரம் முடிந்து கல்லாவுக்கு வந்தால் மெஷின் கக்கும் பில்லில் ‘சாரி – 1’ என்று மட்டும் இருக்கும். பட்டு இல்லை, காஞ்சிபுரம் இல்லை, ஜரி இல்லை. அடியில் பொடி எழுத்தில், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.’

வாயால் விற்றது ஒன்று, காகிதத்தில் விற்றது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் ஒரு வியாபாரம் காலங்காலமாக நடக்கிறது. எல்லாக் கடையும் இப்படி என்று சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாக வாடிக்கையாளரை வைத்திருக்கும் நாணயமான கடைகள் அதே தெருவில் உண்டு. ஆனால் எது நாணயமான கடை என்று வாங்குகிறவர் கண்டுபிடிக்க வழியில்லாதபடி இரண்டு கடையின் பில்லும் ஒரே மாதிரி இருப்பதுதான் பிரச்னை.

நெருப்புக்குத் தெரியும்

பட்டா, பாலியெஸ்டரா என்று பார்க்க நம் பாட்டிமார் காலத்திலிருந்து ஒரு சோதனை இருக்கிறது. முந்தி ஓரத்தில் பிசிறாக நிற்கும் இழையில் இரண்டு அங்குலம் எடுத்து, இடுக்கியில் பிடித்து, தீக்குச்சியைக் காட்ட வேண்டும். நல்ல பட்டு என்றால் மெல்லச் சுருங்கி எரியும். நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும். தலைமுடி கருகிய வாடை வரும். மிஞ்சும் கரியை விரலால் நசுக்கினால் பொடிந்துபோகும். பாலியெஸ்டர் உருகும். பிளாஸ்டிக் நாற்றம் வரும். ஆறியதும் நுனியில் கடுகு போல ஒரு கெட்டி உருண்டை நிற்கும், நசுங்காது. ஆர்ட் சில்க் என்று விற்கப்படும் விஸ்கோஸ், காகிதம் எரிவது போல எரியும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பாவு இழையையும் ஊடை இழையையும் தனித்தனியாக எடுத்துக் கொளுத்த வேண்டும். பாவில் பட்டைப் போட்டு ஊடையில் பாலியெஸ்டரை ஓட்டிய புடவையில், ஒரு பக்க இழையை மட்டும் கொளுத்தினால் ‘ப்யூர்’ என்றுதான் முடிவு வரும். கடைக்குள் தீக்குச்சி கொளுத்த யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஆகவே உண்மை தெரிவது பணம் கட்டி, வீட்டுக்குப் போய், ‘திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற வரியைத் தாண்டிய பிறகுதான்.

இதே தீக்குச்சி அமெரிக்காவில் பர் கோட்டு வாங்குகிறவர்களுக்கும் பயன்படுகிறது. விலங்கின் முடியும் பட்டும் இரண்டுமே புரதம். கொளுத்தினால் ஒரே வாடை. அங்கே நடந்த ஒரு வழக்கை எம்.சி. ரோட்டுக்காரர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

நிஜத்தைப் போலி என்று விற்றவர்கள்

நமக்குத் தெரிந்த ஏமாற்று, போலியை அசல் என்று விற்பது. அமெரிக்காவில் தலைகீழாக நடந்தது. 2013 மார்ச்சில் அந்த நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் மூன்று விற்பனை நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுத்தது. பணக்காரர்கள் போகும் நீமன் மார்கஸ், இணையத்தில் துணி விற்கும் டாக்டர்ஜேஸ், ரிவால்வ் என்ற பெயரில் விற்கும் எமினன்ட் ஆகியவை அவை. ‘செயற்கை பர்’ என்று இவர்கள் விற்ற ஆடைகளில் இருந்தது உண்மையான விலங்கு முடி. நீமன் மார்கஸ் மீது இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு: முயல் முடி வைத்த செருப்பை மிங்க் முடி என்று சொல்லி விற்றது.

அசலை ஏன் போலி என்று சொல்ல வேண்டும்? அசல் மலிவாகிவிட்டது. சீனப் பண்ணைகளில் கூண்டில் வளர்க்கப்படும் முயலும் ரக்கூன் நாயும் அவ்வளவு சல்லிசு. நல்ல செயற்கை பர் செய்ய ஆகும் செலவைவிட உயிரோடு இருந்த ஒன்றின் தோலைத் தைப்பது லாபம். இன்னொரு பக்கம், விலங்கைக் கொன்ற ஆடையை உடுத்தமாட்டேன் என்று சொல்லும் வாடிக்கையாளர் பெருகிவிட்டார். அவருக்குப் பிடித்த சொல்லை லேபிளில் போட்டு, கைக்கு வந்த தோலைத் தைத்து விற்றுவிட்டார்கள். நம்பிக்கையோடு ‘செயற்கை’ என்று படித்து வாங்கியவர், எதை வேண்டாம் என்றாரோ அதையே கழுத்தில் சுற்றிக்கொண்டு போனார்.

அமெரிக்காவில் பர் லேபிள் சட்டம் 1951-லிருந்து இருக்கிறது. எந்த விலங்கு, எந்த நாடு என்று எழுத வேண்டும். ஆனால் அதில் ஒரு ஓட்டை: ஆடையில் உள்ள பர்ரின் மதிப்பு 150 டாலருக்குள் இருந்தால் எழுத வேண்டியதில்லை. காலரிலும் குல்லாவிலும் கொஞ்சமாகத் தைக்கும் முடியெல்லாம் இந்த ஓட்டை வழியாகத்தான் போனது. 2010-ல் சட்டம் திருத்தி அதை அடைத்தார்கள். அடைத்த மூன்றே ஆண்டுகளில் மேலே சொன்ன மூவரும் சிக்கினார்கள். அபராதம் இல்லாமல் சமரசமாக முடிந்தது. ஆனால் இனி 20 ஆண்டுகளுக்கு இதே தப்பைச் செய்தால் தண்டம் கட்ட வேண்டும் என்ற உத்தரவுக்கு மூவரும் உட்பட்டார்கள்.

நான் இங்கே கோடு போட விரும்புவது ஒரு விஷயத்துக்கு. பிடிபட்டவர்கள் தைத்தவர்கள் அல்லர், விற்றவர்கள். “சப்ளையர் அப்படித்தான் சொன்னார்” என்பது தானாகவே தப்பிக்கும் வழியாக இல்லை. சப்ளையரிடம் முறையாக எழுத்தில் உத்தரவாதம் வாங்கி வைத்திருக்கும் கடைக்காரருக்கு அந்தச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. எழுதி வாங்காதவர் மாட்டிக்கொள்வார்.

சென்னை வெயிலுக்கு பர் கோட்டு எதற்கு என்று கேட்கலாம். இந்தியாவிலும் விலங்கு முடிக்கு ஒரு கறுப்புக் கதை உண்டு. திபெத் பீடபூமியில் வாழும் சிரு என்ற மானின் அடிமுடியில் நெய்யப்படும் ஷாதூஷ் சால்வை. மானைக் கொல்லாமல் அந்த முடி கிடைக்காது. ஒரு சால்வைக்கு மூன்று முதல் ஐந்து மான்கள். தடை வந்த பிறகும் பஷ்மினா என்ற பெயரில், பஷ்மினா கட்டுகளுக்கு நடுவே ஷாதூஷ் வெளிநாடு போனது. டெராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் நுண்ணோக்கி வைத்து முடியைப் பார்த்துத்தான் அதைப் பிரித்தறிகிறார்கள். மிங்க், நரி, சின்சில்லா தோல்களின் இறக்குமதியை 2017 ஜனவரியில் மத்திய அரசு தடை செய்தது. ஆக, நம் நாட்டில் விலங்கைக் காப்பாற்றச் சோதனை உண்டு. வாங்குகிறவரைக் காப்பாற்ற?

நெசவாளியைச் சோதித்த ஊர்

வட சென்னையே துணிச் சோதனைக்காக வளர்ந்த ஊர்தான். கிழக்கிந்தியக் கம்பெனி மதராஸில் கோட்டை கட்டியது முதன்மையாகத் துணிக்காக. தறியிலிருந்து வரும் துணியை வெளுத்து, கஞ்சி போட்டு, மடித்துக் கப்பலேற்ற ஆட்கள் வேண்டும். அவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலட், திருவொற்றியூரில் நெசவாளர்களைக் குடியேற்றி ஒரு பேட்டையை உருவாக்கினார். காலட் பேட்டை இன்று காலடிப்பேட்டை. மெட்ரோ ரயில் நிற்கிறது. அங்கிருக்கும் கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலைப் பற்றிச் சொல்லும் தலபுராணத்திலும் காலட் துரை ஒரு பாத்திரம்.

கம்பெனி துணி வாங்கிய முறை கறாரானது. முன்பணத்தோடு ஒரு மாதிரித் துணியையும் காட்டுவார்கள். நெய்து வரும் துணியைக் கோட்டைக் கிடங்கில் விரித்து, அந்த மாதிரியோடு ஒப்பிட்டு, இழை குறைந்தாலோ அகலம் குறைந்தாலோ தரம் இறக்குவார்கள் அல்லது திருப்பி அனுப்புவார்கள். நடுவே காசி வீரண்ணா போன்ற தலைமை வணிகர்கள் இருந்தார்கள். நஷ்டம் யார் தலையில் விடிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முன்பணத்தில் கட்டுண்ட தறிக்காரர் தலையில்தான்.

பிறகு மதராஸ் என்ற ஊர்ப்பெயரே துணியின் பெயரானது. மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கட்டம்போட்ட லுங்கித் துணி ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்’ என்று போனது; பெயரிலேயே ‘ரியல்’ என்று சத்தியம் செய்துகொண்டுதான் அது கப்பலேறியது. 1958-ல் அமெரிக்க இறக்குமதியாளர் வில்லியம் ஜேக்கப்சன், பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களை நிறுவிய கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயரிடம் கெஜம் ஒரு டாலர் விலையில் மதராஸ் துணி பேசினார். இயற்கைச் சாயம், தண்ணீரில் போட்டால் ஓடும், குளிர்ந்த நீரில் மெதுவாகத் துவைக்க வேண்டும் என்று நாயர் எச்சரித்தார். அதில் பத்தாயிரம் கெஜத்தை வாங்கிய நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு அந்த எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. சட்டையில் துவைக்கும் குறிப்பே இல்லை. வாங்கியவர்கள் வாஷிங் மெஷினில் போட, சாயம் ஓடிச் சட்டை வெளிறிப்போனது.

கடை மேல் புகார் குவிந்தபோது நடந்ததுதான் வேடிக்கை. விளம்பர உலகின் பெரிய கை டேவிட் ஓகில்வியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு வாசகம் பிறந்தது: சாயம் ஓடும் என்பதற்கு நாங்கள் உத்தரவாதம்! குறை நாகரிகமாகிவிட்டது, துவைக்கத் துவைக்க நிறம் மாறும் சட்டை என்று இளைஞர்கள் தேடி வாங்கினார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ரசிக்கலாம். ஆனால் அந்த விளம்பரத்தில் ஒரு நேர்மையும் ஒளிந்திருக்கிறது. துணி என்ன செய்யும் என்பதைக் கடைசியில் எழுத்தில் சொல்லிவிட்டார்கள்.

துறைமுகத்தில் ஒரு நியாயம், கடையில் ஒரு நியாயம்

எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளில் துணியும் வருகிறது. அதைச் சுங்கத்துறை சும்மா விடுவதில்லை. சரக்கிலிருந்து சாம்பிள் வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். பருத்தி எத்தனை சதம், பாலியெஸ்டர் எத்தனை சதம், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், தடைசெய்யப்பட்ட அசோ சாயம் இருக்கிறதா என்று அறிக்கை வருகிறது. 1963-ம் ஆண்டுச் சட்டத்தில் அமைந்த ஜவுளிக் குழுவுக்கும் இதற்கான ஆய்வகங்கள் உண்டு. ஏன் இவ்வளவு அக்கறை? நூல் எது என்பதைப் பொறுத்துத் தீர்வை மாறும். தப்பாக அறிவித்தால் அரசுக்கு நஷ்டம்.

அதே துணி துறைமுகத்தைத் தாண்டிக் கடைக்கு வந்து ஹேங்கரில் தொங்கும்போது அந்த அக்கறை காணாமல் போய்விடுகிறது. கடையில் தனித்தனியாக விற்கும் ஆயத்த ஆடைகளுக்கு எதையெல்லாம் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்று 2022-ல் எடையளவு விதிகளைத் திருத்தினார்கள். தயாரித்தவர் அல்லது விற்பனை நிறுவனத்தின் பெயர், புகார் சொல்ல தொலைபேசி, மின்னஞ்சல், சைஸ், அதிகபட்ச சில்லறை விலை. அந்தப் பட்டியலில் நூல் என்ன என்ற கேள்வி இல்லை. அரசாங்கம் தனக்கு வரவேண்டிய வரிக்காக இழையை எண்ணுகிறது. கல்யாணப் பெண்ணின் அம்மா தன் இழையைத் தானே கொளுத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முத்திரைகள் இல்லாமல் இல்லை. மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-ல் வந்த சில்க் மார்க் இருக்கிறது. ஹாலோகிராம், தனி எண்ணோடு புடவையில் தொங்கும். 2006-ல் கைத்தறி முத்திரை வந்தது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. பொய்யாக அந்தப் பெயரை ஒட்டி விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. கோ-ஆப்டெக்ஸ் ஒரு கட்டத்தில் நெய்தவரின் பெயரும் படமும் போட்ட அட்டையைப் புடவையோடு வைத்தது. ஆனால் சில்க் மார்க் விருப்பப்பட்டவர் சேர்ந்துகொள்ளும் திட்டம். சேராத கடைக்காரரை ‘ஏன் சேரவில்லை’ என்று கேட்க யாருக்கும் அதிகாரம் இல்லை. நாணயத்தை விருப்பப் பாடமாக வைத்தால் யார் எழுதுவார்கள்?

சட்டம் கையில்தான் இருக்கிறது

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பலர் நினைப்பதைவிடக் கூரானது. ஒரு பொருளின் தரம், ரகம், சேர்மானம் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பது நேர்மையற்ற வணிகம் என்று அது வரையறுக்கிறது. வாயால் சொன்னாலும் அதில் அடங்கும். பில் தராமலிருப்பதும் அதே பட்டியலில் வருகிறது. குறையுள்ள பொருளைத் திருப்பி வாங்க மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு குறிப்பிடவில்லை என்றால் 30 நாள். ஆக, ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று அச்சடித்துவிட்டால் போலிப் பட்டுக்கும் விலக்கு கிடைத்துவிடும் என்று கடைக்காரர் நினைத்தால், அது அவருடைய நினைப்பு மட்டும்தான்.

பட்டா இல்லையா என்று கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாத வழக்கில், மாவட்ட நுகர்வோர் ஆணையமே சாம்பிளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஆய்வகம் 45 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். பணத்தைத் திருப்பித் தரவும், நஷ்டஈடு கொடுக்கவும், கடையின் சொந்தச் செலவில் மறுப்பு விளம்பரம் போடவும் உத்தரவிடலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த, ஆனால் யாரும் அதிகம் பேசாத பிரிவு ஒன்று இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் ஏராளம், யார் யார் என்று கண்டுபிடிக்க முடியாது என்ற நிலையில், விற்ற குறையுள்ள சரக்கின் மதிப்பில் 25 சதவீதத்துக்குக் குறையாத தொகையைக் கட்டச் சொல்லலாம். ஆடித் தள்ளுபடிக்கு இதைவிடப் பொருத்தமான பிரிவு இருக்க முடியாது. ஆயிரம் பேர் வாங்கிப்போன ஒரே ரகப் புடவையில் ஒரே ஒருவர் புகார் கொடுத்தாலும், மற்ற 999 பேருடைய கணக்கும் மேசைக்கு வரும். கூட்டமாகப் பாதிக்கப்பட்டவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தே ஒரு வழக்குப் போடவும் வழி உண்டு.

பெரிய நடிகையை வைத்து ‘ப்யூர்’ விளம்பரம் செய்யும் கடைகளுக்கும் கணக்கு இருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை தண்டம் விதிக்கலாம். விசாரிக்காமல் முகம் காட்டிய நட்சத்திரத்தையும் ஓராண்டு விளம்பரத்தில் தோன்றவிடாமல் செய்யலாம்.

கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எம்.சி. ரோட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடை வைத்திருப்பவர், சூரத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் பேலைப் பிரிக்கிறார். ஸ்டிக்கர் ஏற்கெனவே ஒட்டி வருகிறது. அவரிடம் ஆய்வகம் இல்லை. சப்ளையர் ஏமாற்றினால் அவரும் ஏமாந்தவர்தான். இந்த வாதத்தை நான் பாதி ஏற்கிறேன். சப்ளையரிடம் கடனுக்குச் சரக்கு எடுக்கும்போது ஒவ்வொரு பீஸின் விலையும் தேதியும் கமிஷனும் எழுத்தில் இருக்கிறதே, நூல் மட்டும் ஏன் வாய்ப்பேச்சில் இருக்க வேண்டும்? இன்வாய்ஸில் ‘100 சதவீதம் பட்டு’ என்று எழுதி வாங்குங்கள். அமெரிக்க பர் கடைக்காரரைக் காப்பாற்றும் அதே காகிதம் உங்களையும் காப்பாற்றும்.

2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் டார்கெட் கடை, எகிப்து பருத்தி என்று விற்ற படுக்கை விரிப்புகளில் எகிப்து பருத்தி இல்லை என்று கண்டுபிடித்தது. அனுப்பியது நம் நாட்டின் வெல்ஸ்பன் நிறுவனம். சுமார் ஏழரை லட்சம் விரிப்புகளும் தலையணை உறைகளும்! டார்கெட் அந்த நிறுவனத்தோடு உறவை முறித்துக்கொண்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. கண்டுபிடித்ததும் சொன்னதும் கடையேதான். அமெரிக்காவில் விரிப்பு வாங்கிய அம்மாவுக்குக் கிடைத்தது, அந்த விரிப்பு கிளம்பிய நாட்டில் புடவை வாங்கும் அம்மாவுக்குக் கிடைக்கக் கூடாதா?

அரசு செய்ய வேண்டியவை அதிகமில்லை. ஆயத்த ஆடையோ புடவையோ, நூலின் பெயரும் சதவீதமும் லேபிளிலும் பில்லிலும் இருக்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்க்கலாம். பட்டு என்று விற்பவருக்கு சில்க் மார்க்கைக் கட்டாயமாக்கலாம். துறைமுகத்தில் சாம்பிள் வெட்டும் அதே ஆய்வாளர்களைத் தீபாவளிக்கு முன் இரண்டு வாரம் கடைத்தெருவுக்கும் அனுப்பலாம்.

விதி வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. முகூர்த்தப் பட்டு எடுக்கும்போது, “ப்யூர் பட்டு, இந்த ஊர், இந்த ஜரி என்று பில்லில் எழுதி சீல் போட்டுக் கொடுங்கள்” என்று கேளுங்கள். எழுதமாட்டேன் என்கிற கடையில் எடுக்காதீர்கள். ஏமாந்துவிட்டால், பிரிந்த இழையையும் விலைச்சீட்டையும் பில்லையும் எடுத்து வையுங்கள். புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இணையத்திலும் தாக்கல் செய்யலாம். முதலில் பேசிப் பார்க்க விரும்பினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.